குளிர்காலத்தில் காட்டேஜ் எடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது

இங்கிலாந்தின் ரெடிங்கில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், ஏழு வயதில் மகள் இருக்கிறாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஏதாவது ஒரு கிராமத்தில் காட்டேஜ், அதாவது வாடகைக்கு விடும் விடுமுறை வீடு, எடுத்து நான்கு இரவு தங்க ஆசை. கணப்பு இருக்க வேண்டும், முடிந்தால் பனி பார்க்க வேண்டும். கார் ஓட்டுவார், ஆனால் பனியில் ஓட்டிப் பழக்கமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, சாப்பாடு சைவம். வடமேற்கில் மலையும் ஏரியுமாக இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட் போகலாமா, ரெடிங்குக்குப் பக்கத்தில் குன்றுகளும் கிராமங்களுமாக இருக்கும் காட்ஸ்வோல்ட்ஸ் போகலாமா என்பது கேள்வி.

அவர் கேட்டிருப்பது ஊர்ப் பெயர்தான். ஆனால் சொன்ன விவரங்களை எல்லாம் சேர்த்துப் படித்தால், உள்ளே இருக்கும் கவலை வேறு. குளிரும் இருட்டுமாக இருக்கும் நான்கு நாளை, முன்பின் பார்க்காத ஒரு வீட்டில், வயதானவரும் குழந்தையும் சந்தோஷமாகக் கழிக்க முடியுமா என்றுதான் கேட்கிறார். முடியும். ஆனால் அதற்கு ஊரைவிட வீடும், வீட்டுக்குப் போகும் சாலையும், தேதியும் முக்கியம். லேக் டிஸ்ட்ரிக்ட் இருக்கும் கம்ப்ரியாவில் விடுமுறை வீடுகளைப் பராமரிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஒரு குடும்பம் கிளம்பியதும் வீட்டைச் சுத்தம் செய்து அடுத்தவர்களுக்குத் தயார் செய்வதில் ஆரம்பித்து, ராத்திரி பத்து மணிக்கு வெந்நீர் வரவில்லை என்று போன் வந்தால் போய்ப் பார்ப்பது வரை எல்லாம் என் வேலை. அதனால் வீடுகளைப் பற்றியும் வடக்குப் பகுதியைப் பற்றியும் நான் சொல்வதை நம்பலாம். காட்ஸ்வோல்ட்ஸும், கிழக்குக் கடற்கரையில் இருக்கும் நார்ஃபோக்கும் நான் விருந்தாளியாகப் போன இடங்கள் மட்டுமே. அங்கே என் பேச்சுக்கு அந்த அளவு எடை கொடுத்தால் போதும்.

முதலில் பனியைப் பேசிவிடலாம், ஏனென்றால் அதை நம்பித்தான் பலர் தேதி குறிக்கிறார்கள். இங்கிலாந்தின் தாழ்வான பகுதிகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பகல் வெப்பநிலை சராசரியாக 7, 8 டிகிரி இருக்கும். அந்தக் குளிரில் வானத்திலிருந்து வருவது பெரும்பாலும் மழைதான். பிரிட்டனின் வானிலை அலுவலகமான மெட் ஆஃபீஸ் கணக்குப்படி டிசம்பர் 25 அன்று நாட்டில் எங்காவது ஒரே ஒரு பனித்துகள் விழுவது பதிவானாலும் அது வெள்ளைக் கிறிஸ்துமஸ். அதனால்தான் அந்தப் பெயர் செய்திகளில் அடிக்கடி வருகிறது. நாடு முழுக்கப் பரவலாகத் தரையில் பனி படிந்திருந்த கிறிஸ்துமஸ் என்று பார்த்தால், 1960க்குப் பிறகு 1981, 1995, 2009, 2010 என்று நான்கைத்தான் அவர்களே சொல்கிறார்கள். டிசம்பரைவிட ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் பனி விழ வாய்ப்பு அதிகம். லேக் டிஸ்ட்ரிக்டில் ஹெல்வெலின் போன்ற 950 மீட்டர் மலைகளின் உச்சி வெள்ளையாக இருப்பதைப் பள்ளத்தாக்கிலிருந்து பார்க்கும் வாய்ப்பு நிறையவே உண்டு. வாசலில் உங்கள் மகள் பனிமனிதன் செய்வதற்கு யாரும் வாக்குத் தர முடியாது. தர முடியும் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுங்கள்.

பனி சந்தேகம், இருட்டு நிச்சயம். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் லேக் டிஸ்ட்ரிக்டின் கெசிக் நகரில் சூரியன் காலை எட்டரை மணி அளவில் உதித்து மாலை நாலு மணிக்குள் மறைந்துவிடும். ஏழேகால் மணி நேரம்தான் பகல். காட்ஸ்வோல்ட்ஸில் ஏறக்குறைய அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். இருபுறமும் மலை நிற்கும் பள்ளத்தாக்குகளில் மதியம் இரண்டு மணிக்கே வெயில் வீட்டைவிட்டுப் போய்விடுவதும் உண்டு. இப்போது இன்னொன்றை யோசித்துப் பாருங்கள்: பெரும்பாலான காட்டேஜ்களில் உள்ளே போக அனுமதிக்கும் நேரம் மாலை நாலு மணி. அதாவது டிசம்பரில் நீங்கள் முதல்முறை அந்த வீட்டைத் தேடிப் போவதே இருட்டில்தான். தெருவிளக்கு இருக்காது. ஒரே போஸ்ட்கோடில் மைல் கணக்கில் தள்ளித் தள்ளி வீடுகள் இருக்கும், அதனால் வரைபடச் செயலி உங்களைப் பக்கத்துப் பண்ணை வாசலில் கொண்டுபோய் நிறுத்தலாம். சாவிப் பெட்டியின் எண் மின்னஞ்சலில் இருக்கும், போனில் சிக்னல் இருக்காது. வழியையும் அந்த எண்ணையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கையில் ஒரு டார்ச் இருக்கட்டும். எனக்கு வரும் முதல் நாள் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் இல்லாததால் வருபவை.

அதனால் என் முதல் யோசனை, ஊரை முடிவு செய்வதற்கு முன் தேதியை மாற்ற முடியுமா என்று பாருங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்கள்தான் குளிர்காலத்திலேயே விலை உச்சத்தில் இருக்கும் நேரம். பல வீட்டுக்காரர்கள் அப்போது நான்கு இரவுக்குக் கொடுக்கவே மாட்டார்கள், ஒரு வாரம் எடுத்தால்தான் உண்டு. டிசம்பர் 25 அன்று ரயில் கிடையாது, 26 அன்றும் மிகச் சில தடங்களில் மட்டும்தான். 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது. பப்பில் கிறிஸ்துமஸ் மதிய விருந்துக்கு இலையுதிர் காலத்திலேயே இடம் பதிவாகிவிடும். பாய்லர் நின்றுபோனால் அன்றைக்கு பிளம்பரைப் பிடிப்பது பெரும்பாடு. இது எல்லாம் தெரிந்தே போனால் தவறில்லை, ஆனால் முதல் தடவை போகும் குடும்பத்துக்கு நான் சொல்வது பிப்ரவரி அரைப்பருவ விடுமுறை, பள்ளிப் பருவத்தின் நடுவில் வரும் ஒரு வார லீவு. பள்ளிக்கு லீவு போட வேண்டாம். பிப்ரவரி நடுவில் பகல் பத்து மணி நேரத்துக்கு நீண்டிருக்கும், மாலை ஐந்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். காட்ஸ்வோல்ட்ஸில் பெயின்ஸ்விக் ரோகோகோ தோட்டத்திலும் கோல்ஸ்போர்ன் பார்க்கிலும் ஸ்னோடிராப் என்ற வெள்ளைப் பூக்கள் தரையை மூடிக் கிடக்கும் பருவம் அது. பனி விழும் வாய்ப்பும் டிசம்பரைவிடக் கூடுதல். அம்மா வழக்கமான ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்திருந்தால், எப்போது வந்தார் என்று பார்த்து, அதற்குள் பிப்ரவரி அடங்குமா என்று கணக்குப் போடுங்கள். அடங்காவிட்டால் புத்தாண்டு முடிந்து பள்ளி திறப்பதற்கு முந்தைய சில நாள்களைப் பாருங்கள். ஜனவரி 2ஆம் தேதிக்குப் பிறகு விலை சடசடவென்று இறங்கும். ஆகஸ்ட் விலையில் பாதிக்குப் பக்கத்தில் வீடு கிடைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

நாள்களின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். குறுகிய தங்கல் என்றால் இங்கே வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவு, அல்லது திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு இரவு என்றுதான் பெரும்பாலும் கொடுப்பார்கள். இரண்டும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருப்பது வழக்கம். குளிர்காலத்தில் நான்கு இரவையே எடுங்கள். காரணம் சுவர்.

பழைய காட்டேஜ் என்றால் அரை மீட்டருக்கும் தடிமனான கல் சுவர். வெயில்காலத்தில் அது வரப்பிரசாதம். ஜனவரியில் ஒரு வாரம் ஆளில்லாமல் கிடந்த வீட்டில், ஹீட்டிங்கைப் போட்டால் காற்று இரண்டு மணி நேரத்தில் சூடாகும், சுவர் சூடாக முழு ஒரு நாள் எடுக்கும். அதுவரை சோபாவில் உட்கார்ந்தால் முதுகுப் பக்கம் குளிர் இறங்கிக்கொண்டே இருக்கும். முதல் இரவு தூக்கம் கெட்டு, இரண்டாம் நாள் வீடு பதமாகி, நான்காம் நாள் காலை பத்து மணிக்கே கிளம்ப வேண்டும் என்றால் என்ன பயன்? வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே எழுதி, நீங்கள் வரும் நாளுக்கு முந்தைய நாளே ஹீட்டிங்கைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல வீட்டுக்காரர்கள் இதைச் சந்தோஷமாகச் செய்வார்கள்.

எந்த வகை ஹீட்டிங் என்பதையும் கேட்டே ஆக வேண்டும். கிராமங்களில் பல இடங்களில் குழாய் கேஸ் கிடையாது. எண்ணெய் பாய்லர் இருந்தால் நகர வீட்டில் இருப்பதுபோலத்தான், கவலையில்லை. எல்பிஜி தொட்டியும் அப்படியே. ஸ்டோரேஜ் ஹீட்டர் என்றால் யோசியுங்கள். அது இரவில் மலிவு மின்சாரத்தில் செங்கல்லைச் சூடாக்கி வைத்துக்கொண்டு பகலெல்லாம் மெதுவாக வெளிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குளிர்கிறதே என்று பொத்தானைத் திருகினால் ஒன்றும் நடக்காது, சேர்த்து வைத்த சூடு அதற்குள் தீர்ந்திருக்கும். வெளியே சுற்றிவிட்டு மாலையில் திரும்பும் குடும்பத்துக்கு அது சரிப்படாது. இப்போதெல்லாம் சில வீடுகளில் தெர்மோஸ்டாட்டை வீட்டுக்காரர் தன் போனிலிருந்து கட்டுப்படுத்துகிறார். வெப்பநிலையை நாங்களே மாற்றலாமா, ராத்திரி முழுக்க ஓடவிடலாமா, எரிபொருள் செலவு வாடகைக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு 18 டிகிரி வீடு என்றால் அது குளிர்தான். இங்கே பலர் படுக்கையறையை அதற்கும் கீழேதான் வைத்துக்கொள்வார்கள். கூடுதல் போர்வையும் தனியாக ஒரு மின்சார ஹீட்டரும் கேளுங்கள்.

முழங்கால் விஷயத்தில் படங்களை நம்ப முடியாது. காட்டேஜ் மாடிப்படி செங்குத்தாக, வளைந்து, சில சமயம் கைப்பிடியே இல்லாமல் இருக்கும். பழைய தானியக் களஞ்சியங்களை வீடாக மாற்றியிருந்தால் வரவேற்பறையும் சமையலறையும் மாடியில், படுக்கையறை கீழே என்று தலைகீழாக இருக்கும். அப்போது அம்மா ஒரு காபி குடிக்கக்கூடப் படி ஏற வேண்டும். பல வீடுகளில் ஷவர் தனியாக இருக்காது. குளியல் தொட்டிக்கு மேலேதான் இருக்கும், தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். ஆகவே தேடும்போதே தரைத்தளத்தில் படுக்கையறை, தரைத்தளத்தில் தாண்டாமல் நுழையும் ஷவர் என்ற இரண்டையும் வடிகட்டிகளில் போட்டுவிடுங்கள். பட்டியல் பாதிக்கு மேல் சுருங்கும், சுருங்கட்டும். கல் பாவிய தரை சில்லென்று இருக்கும், எல்லாருக்கும் வீட்டுக்குள் போட அடிப்பகுதி கெட்டியான செருப்பு எடுத்துப் போங்கள். வெந்நீர் பெரும்பாலும் சிலிண்டரில் சேமித்து வருவது. நாலு பேர் அடுத்தடுத்துக் குளித்தால் கடைசி ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். ஒரு மணி நேரம் இடைவெளி விட்டுக் குளியுங்கள்.

சமையல் இன்னொரு பெரிய விஷயம், ஏனென்றால் குளிர்கால மாலைகளில் பாதி நேரம் அங்கேதான் போகும். பப் சமையலறை பல கிராமங்களில் மதியம் இரண்டரை மணியோடு மூடி ஆறு மணிக்குத் திறந்து எட்டரைக்கு மறுபடி மூடும். ஜனவரி, பிப்ரவரியில் திங்கள், செவ்வாய் முழுக்க மூடும் பப்களும் உண்டு. ஞாயிறு மதியம் ரோஸ்ட் சாப்பாட்டுக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். சைவத்துக்கு ஏதாவது ஒன்றிரண்டு இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது, ஆனால் நாலு நாளும் அம்மாவுக்கு அது போதாது. துவரம்பருப்பு, புளி, பொடி வகைகள், கடுகு, பெருங்காயம், தயிருக்கு உறை எல்லாம் வீட்டிலிருந்தே எடுத்துப் போய்விடுங்கள், கிராமக் கடையில் கிடைக்காது. பெரிய சூப்பர் மார்க்கெட்கள் காட்டேஜ் முகவரிக்கே கொண்டுவந்து தருவார்கள். வந்து சேரும் அன்று மாலைக்கு நேரம் பதிவு செய்துகொள்ளலாம், டிசம்பர் என்றால் சில வாரம் முன்னாலேயே அந்த நேரங்கள் தீர்ந்துவிடும். அடுப்பு இண்டக்‌ஷனா என்று கேளுங்கள், இண்டக்‌ஷன் என்றால் உங்கள் அலுமினியக் குக்கர் அதில் வேலை செய்யாது. ஆகா அடுப்பு மட்டும்தான் என்றால் வேறு வீடு பாருங்கள். எந்நேரமும் சூடாக இருக்கும் கனமான இரும்பு அடுப்பு அது. பார்க்க அழகு, வீட்டுக்கும் கதகதப்பு, ஆனால் பழைய மாடல்களில் தீயைக் கூட்டிக் குறைத்து நம் சமையல் செய்வது பழகாதவருக்குக் கஷ்டம். அப்புறம் தாளிப்பு. சின்ன வீட்டில் சமையலறையும் கூடமும் ஒன்றாக இருக்கும், மிளகாய் கிள்ளிப் போட்டால் புகை அலாரம் அலறும். புகைபோக்கி விசிறியை முதலிலேயே போட்டு, ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளியுங்கள். அலாரத்தைக் கழற்றி வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், அதே வீட்டில் நீங்கள் நெருப்பு மூட்டப் போகிறீர்கள்.

கணப்பு என்று நீங்கள் கேட்பது அநேகமாக வுட் பர்னர், கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு விறகு அடுப்பு. திறந்த கணப்பைவிட இதுதான் நல்லது. சூடு அறைக்குள் நிற்கும், பொறி வெளியே தெறிக்காது. குழந்தைக்காகச் சுற்றிலும் தடுப்புக் கம்பி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடி தொட்டால் தோல் உரிந்துவிடும் சூட்டில் இருக்கும். வீட்டுக்காரர் பெரும்பாலும் முதல் கூடை விறகு தருவார். ஒரு மாலைக்கு அது போதும், மிச்சத்தை நீங்கள் வாங்க வேண்டும். 2021 மே முதல் இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம், பையில் ரெடி டு பர்ன் முத்திரை இருக்கும். தோட்டத்தில் கிடக்கும் ஈர விறகைப் பொறுக்கிப் போட்டால் புகைதான் வரும், புகைபோக்கிக்குள் தார் படியும், கண்ணாடி கறுத்துவிடும். மூட்டும்போது காற்றுத் துவாரங்களை முழுக்கத் திறந்து சுள்ளிகளை நன்றாக எரியவிட்டு, அப்புறம் ஒன்றிரண்டு கட்டை வைத்து, பிடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ராத்திரி முழுக்கக் கனன்றுகொண்டிருக்கட்டும் என்று துவாரங்களை அடைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. அதற்கான அலாரம் அந்த அறையில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று உள்ளே நுழைந்த அன்றே பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது ஒலித்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வந்து 999ஐ அழையுங்கள். சாம்பல் அணைந்ததுபோல் தெரிந்தாலும் ஒரு நாளுக்கு மேல் உள்ளே கங்கு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே வையுங்கள். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டி இப்படி உருகிக் கிடப்பதை ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறேன்.

சாலைக்கு வருகிறேன். பனியில் ஓட்டிப் பழக்கமில்லை என்று நீங்களே சொன்னது நல்லது, அது வீட்டைத் தேர்ந்தெடுக்க உதவும். இங்கே மாவட்ட நிர்வாகம் முக்கியச் சாலைகளில் உப்பு தூவிவிடும். வீட்டுக்குப் போகும் கடைசி ஒரு மைல் சந்துச் சாலையில் யாரும் தூவ மாட்டார்கள். பனிகூட விழ வேண்டாம், முந்தைய நாள் மழைநீர் இரவில் உறைந்து கண்ணுக்குத் தெரியாத ஐஸாகிக் கிடந்தாலே ஏற்றத்தில் கார் வழுக்கும். ஆகவே விளம்பரத்தில் மலைச்சரிவில் தனியாக, பரந்த காட்சியோடு என்று எழுதியிருக்கும் வீட்டைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்களுக்கு வேண்டியது ஊருக்குள், ஏ என்று ஆரம்பிக்கும் எண்ணுள்ள முக்கியச் சாலையை ஒட்டி, கடைக்கும் பப்புக்கும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வீடு. ஊருக்கு வெளியே, நடுவில் தடுப்பு இல்லாத சாலைகளில் 60 மைல் வேகம் வரை அனுமதி உண்டு, அது உச்ச வரம்பு மட்டுமே. புதர்வேலி இரண்டு பக்கமும் நிற்கும் ஒற்றைத் தடத்தில் 20 மைலே வேகம்தான்.

புயலை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் இரண்டு சம்பவங்கள் தெரிந்திருக்க வேண்டும். 2015 டிசம்பர் 5ஆம் தேதி டெஸ்மண்ட் புயலில், லேக் டிஸ்ட்ரிக்டின் ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் மழை பெய்தது, பிரிட்டனின் சாதனை அளவு அது. கிராஸ்மியருக்கும் கெசிக்குக்கும் நடுவே ஏ591 சாலை அடித்துக்கொண்டு போய், அடுத்த ஆண்டு மே மாதம்தான் மறுபடி திறந்தது. 2021 நவம்பர் இறுதியில் ஆர்வென் புயல் வந்தபோது, யார்க்‌ஷயர் டேல்ஸில் 528 மீட்டர் உயரத்தில் இருக்கும் டான் ஹில் இன் என்ற பப்பில் அறுபது பேர் வரை பனியில் மாட்டி மூன்று இரவு அங்கேயே தங்கினார்கள். அதே புயலில் வடக்கில் சில கிராமங்களுக்கு ஒரு வாரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. இப்படி எப்போதோதான் நடக்கும். ஆனாலும் குளிர்காலத்தில் அம்மாவின் மாத்திரைகளைத் தங்கும் நாளைவிட நாலைந்து நாள் கூடுதலாக எடுத்துப் போக இது போதுமான காரணம். மின்சாரம் போனால் 105 என்ற எண்ணை இலவசமாக அழைக்கலாம், அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு 111. மெட் ஆஃபீஸ் எச்சரிக்கை மஞ்சள் என்றால் கவனமாகப் போகலாம். அதற்கு அடுத்த நிலையான ஆம்பர் என்றால் உங்கள் நிலையில் நான் கிளம்ப மாட்டேன், சிவப்பு என்றால் யாரும் கிளம்பக் கூடாது. சாலையில் வெள்ளம் ஓடினால் திரும்பிவிடுங்கள். ஓடும் நீர் ஒரு அடி ஆழம் இருந்தாலே காரைத் தூக்கிவிடும்.

சரி, எந்த ஊர்? ரெடிங்கிலிருந்து லேக் டிஸ்ட்ரிக்ட் காரில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. போகும் நாளும் வரும் நாளும் பகல் முழுக்கச் சாலையிலேயே முடிந்துவிடும். நான் வாழும் இடம் என்பதால் அதைத் தள்ளிச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் நேர்மையாகச் சொன்னால் இந்த முறை உங்களுக்கு அது வேண்டாம். பிப்ரவரிக்கு மாற்ற முடிந்தால் காட்ஸ்வோல்ட்ஸ் போங்கள். காரில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். ரயிலில் போவதானால் ரெடிங், ஆக்ஸ்ஃபோர்ட் வழியாக மோர்டன் இன் மார்ஷ் வரை நேர் ரயில்கள் உண்டு. அந்த ஊரிலேயோ, சிப்பிங் கேம்ப்டன், வின்ச்கூம், பெயின்ஸ்விக் போன்ற சிறு நகரங்களிலேயோ மையத்துக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். சிப்பிங் கேம்ப்டனில் 1627இல் கட்டிய சந்தை மண்டபம் இன்னும் தெருவின் நடுவே நிற்கிறது. மழை தூறினாலும் அந்த ஒரு தெருவில் அம்மாவோடு மெதுவாக நடந்து ஒரு டீக்கடையில் முடிக்கலாம். பைபரியில் 14ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டி, பிறகு நெசவாளர் வீடுகளாக மாறிய ஆர்லிங்டன் ரோ வரிசையைக் காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள், சுற்றுலாக் கூட்டம் வருவதற்கு முன்.

தேதியை மாற்றவே முடியாது, டிசம்பர்தான் என்றால் என் பதில் நீங்கள் கேட்காத இடம்: நார்ஃபோக் கடற்கரை. இங்கிலாந்தில் மழை குறைந்த பகுதிகளில் அதுவும் ஒன்று, நிலம் பெரும்பாலும் தட்டையாக இருப்பதால் செங்குத்தான ஏற்ற இறக்கச் சாலை குறைவு. முக்கியமாக, நவம்பரிலிருந்து ஜனவரி வரை ஹார்சி கடற்கரையில் சாம்பல் நிறக் கடல்நாய்கள், அதாவது சீல்கள், குட்டி போடும். மணல்மேட்டின் மேலிருந்து வெள்ளை ரோமத்தோடு படுத்திருக்கும் குட்டிகளை உங்கள் மகள் பார்க்கலாம். பனி விழுந்தாலும் விழாவிட்டாலும் அந்தக் காட்சி இருக்கும். மணலில் கொஞ்சம் நடக்க வேண்டும், அம்மாவுக்குக் கைத்தடி எடுத்துப் போங்கள். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டக் கூடாது, தொந்தரவு செய்தால் தாய் குட்டியை விட்டுவிட்டுப் போய்விடும். காற்று பலமாக அடிக்கும், காதை மூடும் தொப்பி எல்லாருக்கும் வேண்டும். மழை நாளுக்கும் ஒதுங்க இடம் வேண்டும் என்பவர்களுக்கு நடு இங்கிலாந்தின் மலைப்பகுதியான பீக் டிஸ்ட்ரிக்டில் இருக்கும் காசல்டன் பொருத்தம், அங்கே மக்கள் பார்ப்பதற்கு நான்கு குகைகள் உண்டு. ஆனால் குகைக்குள் படிகள் நிறைய, அம்மாவை நினைத்து அதை நான் பின்னுக்குத் தள்ளுகிறேன்.

லேக் டிஸ்ட்ரிக்டேதான் வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் சொன்னால், கெசிக் ஊருக்குள் தங்குங்கள். டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கு நடந்தே போகலாம், ஃப்ரையர்ஸ் கிராக் முனை வரை பாதை சமமாக இருக்கும். டார்ன் ஹவ்ஸ் ஏரியைச் சுற்றிய பாதையும் அம்மாவுக்குச் சரியாக இருக்கும். மலை ஏறும் எண்ணம் வேண்டாம். ஹானிஸ்டர், கர்க்ஸ்டோன், ஹார்ட்நாட் கணவாய்களில் குளிர்காலத்தில் கார் ஓட்டவும் வேண்டாம். ரயிலில் வருவதானால் ஆக்ஸன்ஹோமில் மாறி விண்டர்மியர் வந்து, அங்கிருந்து 555 பேருந்தில் ஆம்பிள்சைட், கிராஸ்மியர் வழியாகக் கெசிக் வரலாம்.

பணம் கட்டும்போது ஒரு விஷயம். வானிலை மோசம் என்று நீங்கள் வராமல் போனால், வீடு திறந்து தயாராக இருக்கும் வரை பெரும்பாலான ஒப்பந்தங்களில் பணம் திரும்பாது. எத்தனை நாள் முன்னால் ரத்து செய்தால் எவ்வளவு கிடைக்கும், சாலை மூடியிருந்தால் தேதி மாற்றித் தருவார்களா என்று படித்துப் பாருங்கள், தனியாகப் பயணக் காப்பீடு எடுங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான வாங்கல்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. நடுவில் இன்னொரு நிறுவனம் இருந்தால் அது பொருந்தாமல் போகவும் வாய்ப்புண்டு. இணையதளத்துக்கு வெளியே நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள், இல்லாத வீட்டுக்கு வாடகை வாங்கி ஏமாற்றுபவர்கள் விடுமுறைக் காலத்தில்தான் அதிகம்.

பிடித்த இரண்டு மூன்று வீடுகளைக் குறித்துக்கொண்டு, ஹீட்டிங் வகை, தரைத்தளக் குளியலறை, கடைசி ஒரு மைல் சாலை, அடுப்பு இந்த நாலையும் வீட்டுக்காரர்களிடம் கேளுங்கள். வரும் பதில்களை இங்கேயே போடுங்கள், எது உங்கள் அம்மாவுக்கு ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்கிறேன். பிப்ரவரி என்றால் நல்ல தரைத்தள வீடுகள் புத்தாண்டுக்கு முன்பே போய்விடும், அதனால் இந்த வாரமே கேட்க ஆரம்பியுங்கள்.